பிரதர் அளந்தால் குறையும்

மோட்டார்காரருக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சிவக்கும். பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். எங்கள் தெருவில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் யார் வீட்டில் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். வருவார், மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். "பேரிங் போச்சு" என்பார். அல்லது "காத்து புடிச்சிருக்கு" என்பார். சொன்னது தப்பியதில்லை. அவ்வளவு நிதானமான மனிதர், தன் மனைவி யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டால் மட்டும் ஸ்பானரை எந்த நட்டில் வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

மனைவி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. ஊருக்கே டீச்சர். கோபமில்லாத நேரங்களில் கணவருக்கும் டீச்சர்தான். பொடிசுகளோடு நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை அகன்றுபோனவர் என்பதால் அவர் சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அதுதான் மோட்டார்காரருக்குத் தொல்லை. யார் சிரிக்க வைத்தது என்று தெரியாமல் அவரால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

ரொட்டிக் கடைக்காரர் டீச்சருக்கு மட்டும் அடியிலிருந்து சூடான ரொட்டியை உருவிக் கொடுப்பார். அதனால் மோட்டார்காரர் கடையை மாற்றினார். தலைமையாசிரியரின் கையெழுத்தை டீச்சர் ஒருமுறை மெச்சினார். அன்றைக்கு மாலை மோட்டார்காரர் ஒரு ரசீதை மூன்று தடவை எழுதிக் கிழித்தார். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் டீச்சரைப் படம் வரைந்து கொடுத்தான். அதில் டீச்சருக்கு இறக்கை இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அந்தப் படம் ஒரு வாரத்தில் காணாமல் போனது. "பசை போயிருக்கும்" என்றார் கணவர்.

"ஆறு வயசுப் பையன்ங்க அவன்" என்றார் டீச்சர்.

"நான் என்ன சொன்னேன்? பசை போயிருக்கும்னேன்."

மருமகன் போன் செய்தால், டீச்சர் மகளை விட்டுவிட்டு மருமகனை முதலில் நலம் விசாரித்தது ஏன் என்று கேட்பார். கேட்டுவிட்டு, "சும்மா கேட்டேன்" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை சும்மா என்று டீச்சர் எண்ணுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

இதையெல்லாம் அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு மோட்டாரைப் பிரித்துப் பரப்பிவிட்டால் பேச்சும் தன்னால் பிரிந்துகொள்ளும் அவருக்கு.

பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ஆசிரியர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். டீச்சருக்குப் பார்த்த பெண் எண்ணைச் சொல்லாமல் இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் பார்த்துவிட்டு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டாள். அழுத்தம் இருநூறைத் தொட்டிருந்தது. "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, அவசரப் பிரிவு" என்று அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒரு வீட்டு மொட்டைமாடியில் தொட்டிக்குள் இறங்கி நின்றிருந்த மோட்டார்காரர், நனைந்த கால்சட்டையோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவு என்பது ஒரு நீளமான கூடம். திரைச்சீலை போட்ட கட்டில்கள். எங்கோ ஒரு கருவி விடாமல் கூவிக்கொண்டிருக்கும்; யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசலை ஒட்டிய மேசையில், வருகிறவர்களைப் பார்த்து யாரை உடனே கட்டிலுக்கு அனுப்புவது, யார் காத்திருக்கலாம் என்று தரம் பிரிக்கும் ஆண் நர்ஸ் உட்கார்ந்திருந்தார். பெண் நர்ஸ்களைச் சிஸ்டர் என்று கூப்பிடுவது போல அவரை எல்லோரும் பிரதர் என்றார்கள். குள்ளம். வழுக்கை. சட்டைப் பொத்தானை அழுத்திப் பார்க்கும் தொப்பை. கண்ணாடி ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது.

"நெஞ்சு வலிக்குதா டீச்சர்? மூச்சு வாங்குதா? கண்ணு மங்கலா இருக்கா?" என்று கேட்டார். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். பல் தெரியச் சிரிக்கச் சொன்னார்.

டீச்சர் சிரித்தார். மோட்டார்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்.

"எதுக்கு சிரிக்கணும்?" என்றார்.

"முகம் ஒரு பக்கம் இழுக்குதான்னு பாக்கறதுக்கு சார்." பிரதர் நிமிரவில்லை. "எல்லாம் சரியா இருக்கு. நம்பர் மட்டும்தான் உயரத்துல நிக்குது. டீச்சர், அந்த நாற்காலியில உக்காருங்க. முதுகை நல்லா சாச்சுக்கோங்க. கால் ரெண்டும் தரையில. யார்கிட்டயும் பேசக் கூடாது." பிறகு கணவரைப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்க சார்."

"நான் இவங்க வீட்டுக்காரர்."

"தெரியுது சார். அதனாலதான்."

மோட்டார்காரர் வெளியே நின்றார். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியே, துணி அலமாரியை ஒட்டிய நாற்காலியில் தன் மனைவி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஊசி போடுவார்கள், பாட்டில் ஏற்றுவார்கள், ஆட்கள் ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் ஓடவில்லை. பிரதர் யாருடைய முழங்கைக்கோ கட்டுப் போட்டார், யாரிடமோ கையெழுத்து வாங்கினார், தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் டீச்சரிடம் வந்தார். அகலமான பட்டை ஒன்றைத் தேடி எடுத்தார், டீச்சரின் கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தார், பட்டையைச் சுற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எண் இறங்கியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் நன்றாகவே.

இளம் டாக்டரம்மா ஒருவர் வந்து பரிசோதித்துவிட்டு, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரச் சொன்னார்.

"ஊசி போடலையா டாக்டர்? ஒரே அடியா இறக்கிடலாமே?"

"இறக்கக் கூடாதுங்க. இது எத்தனை மாசமா ஏறியிருக்கோ, யாருக்குத் தெரியும். மெதுவாத்தான் கீழ வரணும்."

மோட்டார்காரருக்கு இது பிடிபடவில்லை. குழாயில் அழுத்தம் கூடினால் வால்வைத் திறக்க வேண்டும். அதற்கு என்ன மெதுவாக? வேலை தெரியாதவன்தான் நேரம் கேட்பான். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் மண்டையில் வேறொன்று குடைந்தது.

"அப்படி என்ன சொன்னான் அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"அதான், உன் பிரதர்."

"ஒண்ணும் சொல்லலைங்க."

"ஒண்ணும் சொல்லாமலா இறங்குச்சு?"

"ஆமா."

"பேருதான் பிரதர்" என்றார் மோட்டார்காரர், சிக்னலிடம்.

மறுநாளே வீட்டுக்கு ஒரு அளவுக் கருவி வாங்கிவிட்டார். டீச்சர் பள்ளியிலிருந்து வந்து, படியேறி, பையைக் கீழே வைப்பதற்குள் கையைப் பிடித்து ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவார். கருவி உறுமிக்கொண்டு காற்றை நிரப்பும்போது எதிரே நின்று, "ஏன் இவ்வளவு நேரம்? பஸ் ஸ்டாப்ல யார்கூட நின்னுக்கிட்டிருந்த? சும்மா கேட்டேன்" என்பார். திரையில் எண் ஏறும். "பாத்தியா! பாத்தியா!" என்பார். ஸ்கூட்டர் கிளம்பும்.

ஆஸ்பத்திரியில் அதே நாற்காலி, அதே துணி அலமாரி, அதே தொப்பை. கணவர் வெளியே. எண் இறங்கும்.

அந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போனது. சிஸ்டர் ஒருத்தி, "டீச்சர், உங்க நாற்காலி காலியா இருக்கு" என்று சிரிப்பாள். உங்க நாற்காலி! ஆஸ்பத்திரியில் தன் மனைவிக்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கே தனக்கு நுழைவு இல்லை, அங்கே போனால் அவள் உடம்பு அமைதியாகிறது என்பதை மோட்டார்காரர் வட்டக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு முறையும் மென்று விழுங்கினார். அந்த ஆள் பார்க்க லட்சணமாக இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். போயும் போயும் ஒரு வழுக்கை. நகங்கள் மட்டும் வெள்ளையாக, வெட்டிய வெங்காயம் மாதிரி சுத்தமாக இருந்தன. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ்.

ஒருநாள் பிரதரே அவரைக் கூப்பிட்டுப் பேசினார். "சார், வீட்டுல எப்படி அளக்கறீங்க?"

மோட்டார்காரர் தன் முறையைப் பெருமையோடு விளக்கினார்.

"வந்ததும் அளக்காதீங்க. கொஞ்ச நேரம் உக்காரட்டும். பட்டை தோல் மேல படணும், துணி மேல வேணாம். அப்புறம் முக்கியமா, அளக்கறப்ப ரெண்டு பேரும் பேசக் கூடாது. பேசினா ஏறத்தான் செய்யும்."

"நான் பேசினா ஏறுமா?"

"யார் பேசினாலும் ஏறும் சார்."

யார் பேசினாலும் என்பது அவர் காதில் விழவேயில்லை. "எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல டைம்டேபிள் போடறான்யா" என்று எங்கள் வீட்டு மோட்டாரிடம் சொன்னார். "நான் வாயைத் தொறந்தா அவளுக்கு ஏறுதாம். அவன் வாயை மூடினா இறங்குதாம். இது வைத்தியமா?"

அவருக்கு ஓர் அண்ணன், இரண்டு தெரு தள்ளி. அண்ணனுக்கும் வெகுகாலமாக ரத்த அழுத்தம். அங்கே போய் உட்கார்ந்து தம்பி புலம்பினார். அண்ணன் நோய் விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதவர்.

"அதெல்லாம் மிட்டாய்டா, அவளுக்குக் குடுத்திருக்கறது. என் மாத்திரையைப் பாரு. இதைப் போட்டா அப்படியே சர்ருனு இறங்கும். முதல் தடவை போட்டப்ப என்னைப் படுக்க வெச்சுத்தான் குடுத்தாங்க."

"எனக்கு ரெண்டு குடேன்."

"ஆளுக்கு ஆள் மாறும்டா. விளையாட்டா இது?" என்று சொல்லிவிட்டு அண்ணன் தேநீர் கொண்டுவர உள்ளே போனார். தேநீர் வருவதற்குள் அட்டையின் ஒரு மூலை கிழிந்து தம்பியின் சட்டைப் பையில் இருந்தது. படுக்க வெச்சு என்பதும் அவர் காதில் விழுந்தது. ஆனால் மனதில் நின்றது சர்ருனு என்பதுதான்.

அடுத்த பரிசோதனை நாள் பள்ளி விடுமுறை நாளாக வந்தது. காலையில் டீச்சர் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவது கணவரின் வேலை. டீச்சர் சிவப்பு மையை உதறியபடி இடது கையால் வாங்கி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். ஒன்றுக்குப் பதில் மூன்று இருந்தது. எல்லாம் சின்ன வெள்ளை. பார்க்கவில்லை.

மோட்டார்காரர் காத்திருந்தார். பிறகு அளந்தார். இந்த முறை அவர் பேசவில்லை. தொட்டியில் மட்டம் இறங்குவதைப் பார்ப்பது போல எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியிருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அளந்தார். இன்னும் இறங்கியது. தன் கையால், தன் வீட்டில், தன் நாற்காலியில்! குழாயடியில் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் அளந்தார்.

"தலை என்னமோ லேசா இருக்குங்க" என்றார் டீச்சர்.

"பிரஷர் குறைஞ்சா அப்படித்தான் இருக்கும். இத்தனை நாள் பாரமா இருந்துச்சு, இல்ல? கிளம்பு, கிளம்பு."

"வெயில் தாழப் போலாமே. ஒரு மாதிரி வருது."

"இப்பவே போகணும். அவங்க பாக்கணும்."

அவங்க என்றால் யார் என்று டீச்சர் கேட்கவில்லை.

ஸ்கூட்டர் ஆஸ்பத்திரிச் சாலையில் திரும்பும்போது மனைவியின் தலை அவர் முதுகில் சாய்ந்தது. கல்யாணமான புதிதில் அப்படிச் சாய்ந்ததுண்டு. பிறகு டீச்சர் பின்னால் நிமிர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ போல உட்கார்ந்து வரத்தான் பழகிவிட்டார். இப்போது முழு பாரமும் முதுகில். கன்னத்தின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது. மோட்டார்காரர் வேகத்தைக் குறைத்தார். இந்தச் சாலை இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்று நினைத்தார். அன்றைக்கு அவரைவிடச் சந்தோஷமான ஆள் அந்தச் சாலையில் யாரும் இல்லை.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் டீச்சர் இறங்கினார். ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைக்கும் முன் துணி அவிழ்வது போல மடிந்து தரையில் சரிந்தார்.

தள்ளுகட்டிலோடு முதலில் ஓடி வந்தது பிரதர்தான். அத்தனை தொப்பையை வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். டீச்சரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்ன பெயர் என்று கேட்டதற்கு ஏதோ குழறினார்.

டாக்டரம்மா ஓடி வந்தார். "பிரஷர் பேஷண்ட், பேச்சு குழறுது. தலைக்குள்ள ஏதாவது ஆயிருக்கா பாக்கணும். ஸ்கேனுக்குச் சொல்லுங்க. பிரஷர் எவ்வளவு?"

பிரதர் எண்ணைச் சொன்னார். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு கம்மியா? மறுபடி பாருங்க." மறுபடியும் அதேதான். "இதயமா இருக்கலாம். உள்ள எங்கயாவது ரத்தம் கசியலாம். ஈ.சி.ஜி. எடுங்க. சார், காலையில என்ன மாத்திரை போட்டாங்க?"

மோட்டார்காரர் வாயைத் திறந்தார். பிரதர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கமானதுதான்" என்றார் மோட்டார்காரர்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

அவரை வெளியே அனுப்பினார்கள். வட்டக் கண்ணாடி. உள்ளே ஒருத்தி டீச்சரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள். ஒருத்தி கையில் நரம்பு தேடினாள். பிரதர் கால்களைத் தூக்கி இரண்டு தலையணைகளின் மேல் வைத்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடத்திலும் மோட்டார்காரர் பார்த்தது அந்தக் கையைத்தான். வெள்ளை நகங்கள் தன் மனைவியின் மணிக்கட்டில். காது பற்றி எரிந்தது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் அந்த ஆளுக்கு எதிரே நின்று சொல்ல வேண்டும். நீ அளந்தால் குறைகிறது என்பதைத் தாங்க முடியாமல் இப்படிச் செய்தேன் என்று அந்த வழுக்கைத் தலையிடம் சொல்ல வேண்டும். அதைவிடப் பேசாமல் இருப்பது சுலபம். டாக்டர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். கருவிகள் இருக்கின்றன. படித்தவர்கள்.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகக் கட்டிலின் பூட்டை விடுவித்தார்கள். கட்டில் அசைந்தபோது டீச்சரின் தலை ஒரு பக்கமாகப் புரண்டது. பிடிப்பே இல்லாமல், காலித் தொட்டியில் மிதவை கவிழ்வது போல.

மாடிக் கட்டடங்களில் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் கீழே தண்ணீர் கொட்டும். மூன்றாம் மாடிக் குழாய் மட்டும் உஸ்ஸென்று காற்றை விடும். மேலே ஏறாது. எத்தனையோ வீட்டுக்காரர்களை அதற்காகத் திட்டியிருக்கிறார். வால்வைத் திறந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"பிரதர்" என்றார். அந்த வார்த்தையால் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பிரதர், நான் குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க?"

சட்டைப் பையிலிருந்து கிழிந்த அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். குப்பைக் கூடையில் போட்டால் மனைவி பார்த்துவிடுவாள் என்று பையில் வைத்திருந்தார்.

"யாரோடது?"

"அண்ணனோடது."

"எத்தனை? எப்ப?"

சொன்னார். பிரதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயரைப் படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "டாக்டர், காரணம் கிடைச்சிருச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு, கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினார்.

திட்டியது டாக்டரம்மாதான். மகள் வயதிருக்கும். "ஒரே அடியா இறக்கக் கூடாதுன்னு உங்ககிட்டயே சொன்னேன், இல்ல? அவங்க மூளை அந்த உயரத்துக்குப் பழகிப்போயிருக்கு. நீங்க பாட்டுக்கு இழுத்துக் கீழ போட்டா அங்க ரத்தம் எப்படிப் போகும்? பக்கவாதம் வந்திருந்தா? ஸ்கூட்டர்ல பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நடு ரோட்டுல விழுந்திருந்தா?"

மோட்டார்காரர் தலையாட்டினார். முதுகில் இருந்த ஈரம் அப்போதுதான் உறைத்தது. அது மயக்கத்துக்கு முன் வருகிற வியர்வை என்பதும்.

பாட்டிலில் மருந்து நீர் சொட்டியது. மாத்திரையின் வேகம் தானாகத் தணிய வேண்டும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். மறுபடியும் அதே வைத்தியம்: காத்திருப்பது. எண் மெல்ல மெல்ல ஏறியது. எண் ஏறுவதற்காக அவர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரதர் ஒரு ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காருங்க சார்."

"நானா? உள்ளயா?"

"உக்காருங்க."

"பேசலாமா?"

"தாராளமா. இன்னைக்கு ஏறினா நல்லதுதான்" என்றார் பிரதர். பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அனுமதி கிடைத்தும் மோட்டார்காரருக்குப் பேச்சு வரவில்லை. டீச்சர்தான் முதலில் கண்ணைத் திறந்து கேட்டார்.

"என்னாச்சுங்க எனக்கு?"

"நான் மாத்திரை அதிகமா குடுத்துட்டேன்."

"மறந்துபோயா?"

ஆமாம் என்று சொல்ல இடமிருந்தது. டீச்சர் நம்பியும் இருப்பார். மோட்டார்காரர் தன் விரல்களைப் பார்த்தபடி, "இல்ல. தெரிஞ்சுதான்" என்றார். "அண்ணனோடது. அந்த ஆளு அளந்தா உனக்குக் குறையுது, நான் அளந்தா ஏறுது. என் கையில குறைஞ்சதைக் கொண்டாந்து காட்டணும்னு இருந்துச்சு."

டீச்சர் கூரையைப் பார்த்தார். எங்கோ அந்தக் கருவி கூவிக்கொண்டிருந்தது.

"அந்த ஆளுகிட்ட என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்க, இல்ல?" என்றார். "ஒண்ணுமில்லைங்க. அந்த நாற்காலியில உக்காந்தா யாரும் என்னை எதுவும் கேக்கறதில்ல. பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைங்க கேள்வி. வீட்டுக்கு வந்தா உங்க கேள்வி. எங்க போனே, யாரு, ஏன் சிரிச்சே. அங்க மட்டும்தான் நான் யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

"நான் உன்மேல..."

"தெரியும்ங்க. அதான் இத்தனை வருஷமா பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஒரு ஆளின் மேல் பொறாமைப்படுவது அவருக்குக் கைவந்த வேலை. ஆளை முறைக்கலாம், கடையை மாற்றலாம், படத்தைக் கிழிக்கலாம். ஒரு மௌனத்தின் மேல் எப்படிப் பொறாமைப்படுவது? ஆனாலும் பட்டார். அன்று முழுக்க, அந்தக் காலி நாற்காலியை அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் டீச்சர் வீடு திரும்பினார். சண்டை நடக்கவில்லை. அழுகை இல்லை. வழக்கம் போல இரண்டு பேருக்கும் தேநீர் போட்டார். மாத்திரை அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். அந்தச் சின்னச் சத்தம் மட்டும்தான்.

அடுத்த பரிசோதனை நாளன்று காலையில் மோட்டார்காரர் ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

"நான் பஸ்ஸுல போய்க்கறேங்க" என்றார் டீச்சர்.

"நான் கொண்டுபோய் விட்டுட்டு வாசல்லயே நிக்கறேன். உள்ள வரல."

"வேணாங்க."

"பயமா இருக்கா? வண்டியில வர?"

"இல்ல. தனியா போகணும்னு இருக்கு."

எதற்குத் தனியாக என்ற கேள்வி அவர் தொண்டை வரைக்கும் வந்தது. டீச்சருக்கும் அது தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார். மோட்டார்காரர், "பஸ் ஸ்டாப் வரைக்கும் வரலாமா?" என்று கேட்டார்.

"அது வரைக்கும் வாங்க."

நடந்தார்கள். பேசவில்லை. நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தோம். ஒரு தலையசைப்போடு சரி. பஸ் வந்தது. டீச்சர் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பின்வாசல் வழியாக ஏறிய ஓர் ஆள், உயரம், இஸ்திரி கலையாத சட்டை, நரைத்தாலும் அடர்ந்த முடி, நேராக வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தான். ஜன்னலைக் காட்டி ஏதோ கேட்டான். டீச்சர் அதற்கு என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணாடியை மீறி அந்தச் சிரிப்பு வெளியே வரைக்கும் கேட்டது.

மோட்டார்காரரின் வலது கால் படியில் இருந்தது. எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் கண்டக்டர், விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு. "சொல்லுங்க சார், வண்டி எடுக்கணும்."

அந்தக் காலைத் திரும்ப எடுப்பதற்கு அவருக்குச் சற்று நேரம் ஆனது.